நுரை சொன்ன தீர்ப்பு

அந்தக் கோடையில் மலைமேல் இருக்கும் எங்கள் சூசமிர் மேய்ச்சல் வெளியில் குதிரைகளைவிடக் கார்கள் அதிகம். ரஷ்யாவில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் ஆண்பிள்ளைகள், பெண்டாட்டி முகத்தைப் பார்க்கும் முன்பு ஜுமதில் வைத்தியரின் முகத்தைப் பார்த்தார்கள். மாஸ்கோவிலிருந்து பெட்டியில் வந்தது போக, உடம்பில் ஏதாவது வந்திருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார். மேகநோயோ வெட்டைநோயோ, எதுவானாலும் அவருக்கு ஊசி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு கிண்ணம் குமிஸ் போதும்.

மூன்று வருஷம் முன்புவரை அவர் சந்தையில் பழைய டயர் விற்றவர். ஒருநாள் கனவில் வெள்ளைக் குதிரை வந்து, இனி இரத்தம் பார் என்று சொன்னதாம். டயரில் லாபமில்லை என்பது குதிரைக்கும் தெரிந்திருக்கிறது.

சோதனை இப்படி. குதிரைப் பாலைத் தோல்பையில் புளிக்கவைத்து மத்தால் கடைந்த குமிஸை, வைத்தியரின் மனைவி பத்மா ஒரு கிண்ணத்தில் ஊற்றித் தருவாள். வந்தவனின் விரலைக் குத்தி ஒரு துளி இரத்தத்தை அதில் விடுவார். ஏதோ முணுமுணுப்பார். கிண்ணம் சுர்ரென்று நுரைக்கும்.

"இருக்கு," என்பார். அவ்வளவுதான், ஆறடி ஆள் நாலடியாகிவிடுவான்.

பிறகு நுரை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்ப்பார். அந்தத் திசையில் இருக்கிற ஒரு பெண்ணின் கண்ணேறுதான் நோயைக் கொண்டுவந்தது என்பார். நோய் வந்த வழியைத் தேட மாஸ்கோ வரைக்கும் போகத் தேவையில்லை பாருங்கள். எந்தத் திசையில் திரும்பினாலும் எவளாவது ஒரு விதவை அகப்படாமலா போவாள்?

வைத்தியரின் கூடாரத்திலேயே தங்கி மூன்று வாரம் குமிஸ் குடிக்க வேண்டும். மறுபடி சோதனை. இந்தக் கிண்ணம் திரைக்குப் பின்னாலிருந்து வரும். துளி விழுந்தும் அசையாமல் கிடக்கும். "சுத்தம்," என்பார். இனிமேல் எதுவும் ஒட்டாமலிருக்க இடுப்பில் கட்டிக்கொள்ள ஓர் ஓநாய்ப்பல். ஓநாய்க்கு எத்தனை பல் என்று கூட்டத்தில் ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. வைத்தியர் விற்றதைக் கணக்கிட்டால் மலையில் ஓர் ஓநாய்கூடக் கறி தின்ன முடியாது.

எர்மெக் என்கிற பையனும் போன கோடையில் இப்படித்தான் சுத்தமானான். அவனுக்கு வேண்டாத இடத்தில் ஒரு புண் இருந்தது. குமிஸ் குடித்தான், புண் ஆறிவிட்டது. வைத்தியருக்கு ஓர் ஆட்டுக்கடாவும் கொடுத்தான்.

இந்தக் கோடையில் அவன் மனைவி ஜூராவுக்கு ஆறு மாதம். பிரசவ விடுதியில் வழக்கமாக எடுக்கும் இரத்தத்தை எடுத்தார்கள். மேகநோய் என்று வந்தது. டாக்டரம்மா ராஹத் அவளை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்: "பயப்படாதே. ஊசி போட்டா சரியாயிடும், புள்ளையும் பொழைக்கும். ஆனா உன் புருஷனுக்கும் போடணும். அவனை விட்டுட்டு உனக்கு மட்டும் போட்டா, ஓட்டைப் படகுல தண்ணி எறைக்கிற கதைதான்."

ஜூரா அன்றைக்கே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னாள். மாமியார் கனிஷ்புபு ரொட்டி மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"எம்புள்ள சுத்தம்னு வைத்தியர் சொல்லிட்டாரு. ஊரே பாத்துச்சு. அப்ப இது உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

எர்மெக் கூரையைப் பார்த்தான். கூரையில் ஒன்றும் இல்லை.

"நீங்க ஒருதரம் ஆஸ்பத்திரிக்கு வாங்க," என்றாள் ஜூரா.

"நான் எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணுமில்லையே. பல்லுகூடக் கட்டியிருக்கேன்."

"கிண்ணமே சொல்லட்டும்," என்று மாமியார் முடித்துவிட்டாள். "நுரைச்சா, உங்க அம்மா வீட்டுக்குப் போயிடு."

மறுநாள் மூவரும் மலைக்குப் போனார்கள். கூடாரத்தில் இடமில்லை. மருமகளைச் சோதிக்கிறார்கள் என்றால் கூட்டம் எங்கிருந்துதான் வருமோ. பொழுதுபோக்காகக் குமிஸ் குடிக்க வந்தவர்களும் நெருக்கியடித்துவந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

பத்மா மத்தைப் போட்டு அடித்து, ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தியர் ஊசியை எடுத்தார்.

"கைய நீட்டும்மா."

"நீட்டறேன் பைக்கே," என்றாள் ஜூரா. எங்கள் பக்கம் பெரியவர்களை அண்ணன் முறை வைத்து அப்படித்தான் அழைப்போம். "அதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் கெட்ட ரத்தத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி நல்ல ரத்தம் எப்படி இருக்கும்னு பாக்கணும். இந்த மலையில உங்களைவிடச் சுத்தமானவர் யாரு இருக்கா? உங்க துளி ஒண்ணு விடுங்க."

"நியாயந்தானே," என்றான் ஒருவன். "வைத்தியர் ரத்தம் பாலாட்டம் இருக்கும்," என்றான் இன்னொருவன். பக்தர்கள்தான் எப்போதும் காலை வாருவார்கள்.

வைத்தியர் சிரித்துக்கொண்டே எழுந்து திரைப்பக்கம் போனார்.

"அங்க எதுக்கு பைக்கே? கிண்ணம் இங்கதான் இருக்கு."

அத்தனை கண்ணும் கிண்ணத்தின் மேல். வேறு வழியில்லை. விரலைக் குத்தினார். துளி விழுந்தது. கிண்ணம் சுர்ரென்று நுரைத்தது.

பத்மா கையில் மத்தோடு எழுந்தாள்.

"போன மாசம் மருந்து வாங்கப் போறேன்னு ரெண்டு நாள் பட்டணத்துல தங்கினியே. யாரு அவ?"

"அடியே, உக்காரு."

"நுரை அந்தப் பக்கந்தான் ஒதுங்குது. பட்டணத்துப் பக்கம். நானே பாத்தேன்."

"அது காத்துல ஒதுங்குதுடி."

"காத்தா? மூணு வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னது காத்தா?" மத்து உயர்ந்தது. அதிலிருந்து குமிஸ் சொட்டியது.

ஒரு மனிதன் மானத்தையும் மண்டையையும் சேர்த்துக் காப்பாற்ற முடியாத நேரம் வரும். ஜுமதில் மண்டையைத் தேர்ந்தெடுத்தார்.

"கடைஞ்ச குமிஸ் நுரைக்கத்தாண்டி செய்யும். ஆட்டு ரத்தம் விட்டாலும் நுரைக்கும், ஒண்ணும் விடாட்டியும் நுரைக்கும். எனக்கு ஒரு நோயும் இல்ல."

தொட்டிலை விட்டு இறங்கிய நாள்முதல் குமிஸ் குடிக்கிற ஜனம் அது. பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட இது தெரியும். ஒரு துளி இரத்தமும் ஒரு முணுமுணுப்பும் சேர்ந்ததும் அத்தனை பேருக்கும் மறந்துபோயிற்று. கடைந்தவளுக்கே மறந்துபோயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூரா விடவில்லை. "அப்ப போன வருஷம் இவரு துளி விட்டப்ப அடங்கிக் கிடந்துச்சே?"

"அது காலையிலேயே ஊத்தி வச்சதும்மா," என்றார் வைத்தியர், மத்தைப் பார்த்தபடி. "நுரை செத்துப்போனது. யாரு விட்டாலும் அப்படித்தான்."

ஜூரா மாமியார் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா அத்தை?" அவ்வளவுதான் சொன்னாள். கனிஷ்புபு மகனைப் பார்த்தாள். இந்தத் தடவை அவன் பார்க்கக் கூடாரத்தின் உச்சித் திறப்பில் வானம் இருந்தது.

"எறங்குடா கீழே," என்றாள் தாய். "வண்டிய எடு."

ஆஸ்பத்திரியில் எர்மெக்குக்கும் நோய் இருப்பது உறுதியாயிற்று. "புண்ணு ஆறிப்போச்சே டாக்டரம்மா," என்று கெஞ்சினான்.

"புண்ணு தானாவே ஆறும். நோய் உள்ள போய் ஒளிஞ்சுக்கும். உங்க வைத்தியருக்குப் பேரு வாங்கிக் குடுத்ததே அதுதான்." பிறகு பேனாவை எடுத்தார். "யார் யாரோட இருந்தே? பேரச் சொல்லு. திட்டறதுக்கில்ல. அவங்களுக்கும் மருந்து போகணும்."

எர்மெக்கின் காது சிவந்தது. நுரையைக் காட்டி விதவைகள்மேல் பழி போட்டபோது இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"இனிமே பல்லை இடுப்புல கட்டாதே. ஆணுறையப் போடு. பல்லு ஓநாய்க்குத்தான் உதவும்."

ஜூரா எல்லா ஊசியும் போட்டுக்கொண்டாள். இலையுதிர்காலத்தில் பெண்குழந்தை பிறந்தது. அதன் இரத்தத்தையும் சோதித்து, ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் ஜூரா தூங்கினாள்.

இப்போது அதே ஆண்பிள்ளைகள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நிற்கிறார்கள், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல. ஊரே பார்க்கப் பொய்யனிடம் விரலை நீட்டியபோது வராத வெட்கம், மெய்யான ஊசிக்கு முன்னால் வருகிறது. ஐயா ஆண்பிள்ளைகளே, இரத்தத்தைப் பார்க்க ஆய்வுக்கூடம் இருக்கிறது. புத்தியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு துளிகூடச் சிந்த வேண்டியதில்லை.