கழுவித் துடைத்த வெளிச்சம்

"இனிமேல் நம்ம வீட்டுப் பிள்ளைகள் ஸ்டூடியோ வாசப்படி மிதிக்காது!"

கோமதிநாயகம் இந்தச் சபதத்தைப் போட்டது சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. ஓங்கிய கையிலிருந்து ரசம் முழங்கை வரை வழிந்தது. உலகத்தில் பெரிய சபதங்கள் எல்லாம் உலர்ந்த கையோடுதான் போடப்பட்டிருக்கின்றன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கோமதிநாயகத்தைப் பற்றி நான் எழுதுவது அத்தனையும் நிஜம். தினமும் காலையில் சவரம் பண்ணும்போது கண்ணாடியில் நேருக்கு நேர் பார்க்கிற ஆசாமி. பொய் சொன்னால் கழுத்தில் கத்தி.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் அவருக்குக் குடைக்கடை. தாத்தா காலத்திலிருந்து வெளிச்சத்தை மறைத்தே வயிறு வளர்த்த பரம்பரை. அப்பேர்ப்பட்டவருக்கு எழுபத்திமூன்றாம் வருஷம் தை மாதத்தில் திடீரென்று வெளிச்சத்தின் மேல் காதல் வந்தது. கறுப்புப் பெட்டி மாதிரி ஒரு கேமரா வாங்கிவிட்டார்.

"ஸ்டூடியோவிலே என்னளா இருக்கு? பின்னாலே தாஜ்மகால் படுதா. முன்னாலே பிளாஸ்டிக் ரோஜா. பிள்ளைகள் பேயைப் பார்த்த மாதிரி முழிக்குது. படம்னா வெளியிலே எடுக்கணும். இயற்கை வெளிச்சம்!"

மனைவி நீலாம்பாள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "வெளியிலேன்னா எங்க? கொல்லையிலயா?"

"கொல்லையிலே வெளிச்சம் ஏது? மாட்டுக் கொட்டில்தான் இருக்கு. மியூசியம் தோட்டம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலையிலே போனா, சாயங்காலம்தான் வர முடியும்."

"மூணு பிள்ளையப் படம் எடுக்க முழு நாளா?"

"நீலா, உனக்கு வெளிச்சத்தைப் பத்தி என்ன தெரியும்? காலை வெளிச்சம் ஒரு ஜாதி. அது பால். உச்சி வெளிச்சம் ஒரு ஜாதி. அது மிளகாப் பொடி. அந்தி வெளிச்சம் இருக்கே, அது தேன். எல்லாத்துக்கும் ராஜா எது தெரியுமா? மழை விட்டதும் ஒரு வெளிச்சம் வரும். கழுவித் துடைச்ச வெளிச்சம்! அதுக்காக ஒருத்தன் நாள் பூரா காத்துக் கிடக்கலாம்."

"சரி, காத்துக் கிடங்க. மோர் போதுமா?"

இவ்வளவு சுலபமாக அனுமதி கிடைத்ததில் அவருக்கே சின்ன ஏமாற்றம். மனப்பாடம் பண்ணி வைத்திருந்த இன்னும் இரண்டு வகை வெளிச்சம் வீணாகப் போயிற்று.

இந்தக் காதலின் மூலத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கடை இல்லாத கோமதிநாயகம் நீலாம்பாளின் கையில் கிடைத்த ஒரு சாமான். தேங்காய் துருவ வேண்டும். பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும். பரணில் ஏற வேண்டும், இறங்க வேண்டும், மறந்ததை எடுக்க மறுபடி ஏற வேண்டும். பத்து மணிக்கு மைத்துனர் குற்றாலலிங்கம் வந்துவிடுவார். அவர் பொன்முடி ரோட்டில் பஸ்ஸில் வாந்தி எடுத்த கதையைச் சொல்லுவார். வாராவாரம் அதே வாந்தி.

அதே நேரத்தில் மியூசியம் தோட்டத்தில், பேண்டு வாசிக்கிற மண்டபத்துக்குப் பின்னால், ஒரு மரத்தடியில் சீட்டு நடக்கும். இருபத்தெட்டு. நாலு கை வேண்டிய ஆட்டம். கயிற்றுக்கடை மைதீன், ஆபீஸ் குமாஸ்தா வெங்கடகிருஷ்ணன், ஓட்டல் மேனேஜர் திரவியம், மூன்று பேரும் ரெடி. நாலாவது கைதான் ஆரியசாலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தது.

முதல் ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு மூன்று பிள்ளைகளோடு தோட்டத்துக்குள் நுழைந்தார். பேண்டு மண்டபத்துக்கு முன்னால் நிறுத்தினார். நாலு படம் எடுத்தார். மூத்தவள் உலகம்மாளிடம் பையைக் கொடுத்தார்.

"உலகு, எல்லாருக்கும் சட்டையை மாத்து."

"எதுக்குப்பா? அழுக்காகலையே?"

"இது மத்தியானச் சட்டை."

மத்தியானச் சட்டையில் நாலு. சாயங்காலச் சட்டையில் நாலு. ஆக பன்னிரண்டு. பிலிம் முடிந்தது. மணி ஒன்பதேகால். இவ்வளவுக்கும் அவர் நின்ற இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை. கலைஞன் என்பவன் அலையக்கூடாது என்பது அவர் கொள்கை. பிள்ளைகள் கடலைப் பொட்டலத்தோடு புல்லில் உருள, தகப்பனார் மரத்தடியில் துருப்பு கேட்டார்.

இருபத்தெட்டில் தோற்றால் காதில் குணுக்கு மாட்ட வேண்டும். அதுதான் அந்த ஊர்ச் சட்டம். மைதீன் கடையில் கயிற்றோடு துணி உலர்த்துகிற மரக் கிளிப்பும் விற்பார். தோற்றவன் காதில் அதுதான் குணுக்கு. அன்று கோமதிநாயகம் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, கம்மல் போட்ட கல்யாணப் பெண் மாதிரி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். ஆயுளில் அவ்வளவு சந்தோஷமான ஞாயிறு அவருக்கு வாய்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் நீலாம்பாள் கேட்டாள். "காதென்ன, ரெண்டும் செவந்து கெடக்கு?"

"வெயில்."

"வெயில் காத மட்டும் கடிக்குமா?"

"கேமராவைக் கண்ணோட வச்சு அழுத்திப் பாக்கணும். காது வரைக்கும் இழுக்கும். உனக்குச் சொன்னாப் புரியாது."

"ஆமா, எனக்கு எங்க புரியப் போவுது" என்று சட்டையைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள்.

நாலு நாள் கழித்துப் படங்கள் வந்தன. நீலாம்பாள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டையும் தரையில் வரிசையாகப் பரப்பினாள்.

"இது எப்போ எடுத்தது?"

"காலையிலே. பாத்தியா, பால் மாதிரி!"

"இது?"

"உச்சி. மிளகாப் பொடி."

"இது?"

"அந்தி. அந்தச் சட்டை மேலே தேன் வழியுது பாரு!"

ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் நேரம் எழுதி வாங்கிக்கொண்டாள். மற்ற தாய்மார் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பார்கள். இவள் படத்துக்குப் படம் பிள்ளைகளின் காலடியையே பார்த்தாள். புதுச் செருப்பைப் பார்க்கிறாள் என்று கோமதிநாயகம் நினைத்துக்கொண்டார். நினைக்கிறதுக்கு யார் தடை?

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். "இந்தத் திறமைய நம்ம வீட்டுக்குள்ளயே பூட்டி வைக்கிறது பாவம்."

கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து திறமை என்ற சொல் வந்தது அன்றுதான். கோமதிநாயகம் அதை ருசித்தாரே தவிர, விழுங்குமுன் முள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு வாசலில் ஆறு பிள்ளைகள் நின்றார்கள்.

"இது யாருளா, மூணு கூடுதலா இருக்கு?"

"அடுத்த வீட்டுப் பகவதியம்மாளோட பிள்ளையள். உங்க படத்தப் பாத்துச் சொக்கிப் போய்ட்டா. அண்ணாச்சி கையால ஒண்ணு எடுத்துத் தரணும்னு ஒரே அழுகை."

"யாரு அழுகை? பிள்ளைகளா?"

"பகவதி."

அதற்கும் அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பொன்னம்மையின் இரட்டையர்களும் தெருமுனை சுசீலாபாயின் மூன்று வானரங்களும் சேர்ந்தன. மொத்தம் பதினொன்று. தூக்குவாளியில் புளியோதரை, இரண்டு கூஜா தண்ணீர், எண்ணி எடுத்த பதினொரு துண்டு. நீலாம்பாள் வாசலில் நின்று கையசைத்தாள்.

"அவசரப்படாதீய! அந்தி வெளிச்சத்தையும் முழுசாப் பிடிச்சுட்டே வாங்க!"

தோட்டத்து வாட்ச்மேன் வாயைப் பிளந்தான். "சாரே, இதெல்லாம் சாரின்டே குட்டிகளா?"

"இல்லப்பா, மூணுதான் என்னோடது."

"பாக்கி எட்டு?"

"கலை."

பதினொரு பிள்ளைகளை ஒரு சட்டத்துக்குள் நிறுத்துவது என்பது பதினொரு தவளைகளைத் தராசில் நிறுப்பது மாதிரி. ஒன்றை வைத்தால் இரண்டு குதிக்கும். இரட்டையரில் ஒருவனை நிறுத்தி, மற்றவனைத் தேடிப் போய்ப் பிடித்து வந்தால், பிடித்து வந்தது முதலில் நிறுத்தினவனையேதான். சுசீலாபாயின் கடைக்குட்டி கேமராவைக் கண்டால் நாக்கை நீட்டும், கேமராவை இறக்கினால் தேவதை மாதிரி சிரிக்கும். எட்டுப் படத்துக்கு அதன் நாக்குதான் முன்னால் வந்தது.

ஒருவழியாக முடித்து மரத்தடிக்கு வந்தார். சீட்டைக் கையில் விரித்தார். இருபத்தெட்டில் குலான்தான் பெரிய சீட்டு. அவர் கையில் இரண்டு! ஆட்டம் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இப்படி ஒரு கை வந்ததில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

முதுகுக்குப் பின்னாலிருந்து இரட்டையரில் ஒருவன் கூவினான்.

"டேய், ஓடி வாங்கடா! மாமா கையிலே ரெண்டு குலான் உண்டு!"

மீதி பத்தும் பார்க்க ஓடி வந்தன. எதிராளி வெங்கடகிருஷ்ணன் மரியாதையாகச் சீட்டைக் கவிழ்த்தார். கூட்டாளி மைதீன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓய் அண்ணாச்சி! நீரு சீட்டு ஆட வந்தீரா, பள்ளிக்கூடம் நடத்த வந்தீரா?"

"அடுத்த வாரம் தனியா வாறேன் மைதீன்."

"அடுத்த வாரம் உமக்குப் பதில் ஆள் உண்டும். நேத்தே வந்து கேட்டுட்டுப் போனாரு."

"யாரு?"

"ஆளு யாரா இருந்தா என்ன? பிள்ளை கிடையாது. அது போதும்."

அடுத்த ஞாயிறு பதினொரு பிள்ளைகளை மேய்த்துக்கொண்டு கோமதிநாயகம் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அவருடைய மரம். அவருடைய வேர். அவர் உட்கார்ந்து தேய்த்த அதே இடத்தில் மைத்துனர் குற்றாலலிங்கம். பொன்முடி ரோட்டு வாந்தியைச் சொல்லிக்கொண்டே ஜெயித்துக்கொண்டிருந்தார். மைதீன் விழுந்து விழுந்து சிரித்தார்.

வேறு வேலை இல்லாமல் கோமதிநாயகம் நிஜமாகவே படம் எடுக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் ஓடும்போது எடுத்தார், மர நிழலில் எடுத்தார், நாக்கை நாக்காகவே எடுத்தார். அதுதான் அவர் செய்த மாபெரும் தப்பு. படங்கள் நன்றாக வந்துவிட்டன. கலை கைகூடியவனுக்கு விடுதலை கிடையாது. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. புளியோதரை ஒரு வாரம் எலுமிச்சை சாதம் ஆனதைத் தவிர, அவர் வாழ்க்கையில் மாற்றமே இல்லை.

சித்திரையில் ஒரு ஞாயிறு. மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்கே கறுத்தது. இடி ஒன்று விழுந்து, கோடைமழை கொட்டித் தீர்த்தது. தோட்டத்தில் எல்லாரும் குடை விரித்தார்கள். அத்தனையும் அவர் கடையில் வாங்கினது. அவரிடம் மட்டும் இல்லை. கேமராவைப் புளியோதரை வாளிக்குள் வைத்து மூடி, பதினொரு பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. மழையும் அப்போதுதான் விட்டது.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினார்.

கூடத்தின் நடுவில் ஜமுக்காளம். அதைச் சுற்றி நீலாம்பாள், பகவதியம்மாள், பொன்னம்மை, சுசீலாபாய். ஒரு தாம்பாளம் நிறைய முறுக்கு. கையில் விசிறி மாதிரி சீட்டு. பகவதியம்மாள் மட்டும் தலையைக் குனிந்திருந்தாள். அவள் காதில் ஒரு மரக் கிளிப்பு ஆடிக்கொண்டிருந்தது.

"இருபது!" என்றாள் நீலாம்பாள். துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள். "என்ன, சீக்கிரமே வந்துட்டீய?"

கோமதிநாயகத்தின் வேட்டியிலிருந்து கூடத்தில் தண்ணீர் ஓடியது. "நீ... இது... இருபத்தெட்டு..."

"எங்க அண்ணந்தான் சொல்லித் தந்தான். உங்க எடம் சும்மா கெடக்கப் போவுதேன்னு அவன அங்க அனுப்பினேன்லா, அந்த நன்றிக்கு."

"நீ அனுப்பினியா? உனக்கு... அந்த மரத்தடி எப்படித் தெரியும்?"

"முதல் வாரமே தெரியும். உங்க சட்டைப் பையில இந்த மைதீன் கடைக் கிளிப்பு கெடந்தது. காது ரெண்டும் செவந்து கெடந்தது. படம் வந்ததும் பாத்தேன். காலைப் படம், உச்சிப் படம், அந்திப் படம், மூணுலயும் பிள்ளையளோட நிழல் ஒரே பக்கம், ஒரே நீளம்." ஒரு முறுக்கை எடுத்து ஒடித்தாள். "சட்டைய மாத்தினீய, சரி. நிழல மாத்த மறந்துட்டீயளே! ஞாயித்துக்கிழமைன்னு சூரியனும் கடையடச்சிட்டாரா?"

சுசீலாபாய் சீட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னம்மை அடக்க முடியாமல் முறுக்கோடு புரையேறினாள்.

கோமதிநாயகம் கடைசியாக ஓர் ஆயுதத்தைத் தூக்கினார். கணவன் என்கிற ஆயுதம். "போகட்டும். நனைஞ்சு வந்திருக்கேன். ஒரு காப்பி போடு. பிள்ளைகளை அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பு."

நாலு பெண்களும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் பார்த்தார்கள். வாசல் நிறையப் பதினொரு பிள்ளைகள் சொட்டச் சொட்ட நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஆரியசாலைத் தெரு, ஓடுகளும் கல்லும் கம்பிகளும் மின்ன, பளபளவென்று கிடந்தது.

நீலாம்பாள் எழுந்து வந்தாள். கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி அவர் தலையைத் துவட்டினாள். மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள். வாளியைத் திறந்து, கேமராவில் ஒட்டியிருந்த புளியோதரைப் பருக்கையை முந்தானையால் துடைத்து, கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"மழை விட்டாச்சு" என்றாள். "கழுவித் துடைச்ச வெளிச்சம். எல்லாத்துக்கும் ராஜான்னு நீங்கதான சொன்னீய? ஓடுங்க, போயிரப் போவுது!"

பதினொன்றும் "ஹே!" என்று கத்திக்கொண்டு தெருவில் இறங்கின. கோமதிநாயகமும் இறங்கினார். நாலு எட்டு வைத்திருப்பார்.

"இஞ்ச பாருங்க!"

மனசு மாறிவிட்டாள் என்று ஆசையோடு திரும்பினார். நீலாம்பாள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"போறப்போ அந்தக் கதவச் சாத்திட்டுப் போங்க. வெளிச்சம் கண்ணக் கூசுது."