அத்தானின் மரண அறிவித்தலில் என் மகளின் தொழில்

என்றும் என் மதிப்புக்குரிய தவநாயகி அக்காவுக்கு, இலண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து தம்பி நித்தியானந்தன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் ரஜனியும் மகள் ஜதுர்ஷிகாவும் உடம்பளவில் சுகம். உங்கள் சுகத்துக்கு நல்லூர்க் கந்தன் துணையிருப்பான். போனில் சொல்ல வாய் வராத விசயம் என்பதால் பேனா எடுத்தேன். இங்கே குட்மேய்ஸில் இருக்கிற யோகராஜா வியாழக்கிழமை ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அத்தான் கண்மூடிய அன்று, இணையத்தில் போடுகிற மரண அறிவித்தலை எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. உங்கள் மகன் சிவதர்ஷன் ரொறன்ரோவில் அழுதுகொண்டே, "மாமா, நீங்களே எழுதி அம்மான்ரை பேரிலை குடுங்கோ" என்றான். நானும் முறையாகத்தான் தொடங்கினேன். அன்னார் தவநாயகியின் பாசமிகு கணவரும், சிவதர்ஷன் (கனடா) அவர்களின் அருமைத் தந்தையும் என்று வரிசையாக வந்து, மருமக்களில் ஜதுர்ஷிகாவின் பெயரடியில் என் கை நின்றுவிட்டது அக்கா. மற்றவர்களுக்கு அடைப்புக்குறிக்குள் நாடு மட்டும். அவளுக்கு மட்டும் "கைரோபிரக்டர், முதுகெலும்பு வைத்தியர், இலண்டன்" என்று போட்டேன். அதோடு விட்டேனா? கீழே தொடர்புகளுக்கு என்ற இடத்தில், சிவதர்ஷனின் நம்பருக்கு அடுத்ததாக அவளுடைய நம்பரையும் கொடுத்தேன். செத்தவீட்டில் விளம்பரம் செய்த மனிசன் உங்கள் தம்பி. ஏன் செய்தேன் என்றால், அவள் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே டூட்டிங் பக்கம் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் "மகள் என்ன படிக்கிறா?" என்று கேட்பார்கள், சொன்னால் "அப்ப டொக்டர் இல்லையோ?" என்பார்கள். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலே சரிப்படுத்துகிற படிப்பு என்று நான் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் ஐஸ்கிரீம் வந்துவிடும், கேட்டவர் எழும்பிப் போய்விடுவார். உலகத்துத் தமிழர் எல்லாரும் வாசிக்கிற ஓர் இடம் கையில் கிடைத்ததும் எனக்குப் புத்தி கெட்டுப்போனது.

அவள் பட்டம் எடுத்துவிட்டாள், அதில் பொய் இல்லை. ஆனால் இந்த நாட்டில் பட்டம் மட்டும் போதாது. அந்தத் தொழிலுக்கென்று ஒரு கவுன்சில் இருக்கிறது, குப்பை எடுக்கிற கவுன்சில் இல்லை, இது வேறு. அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்கு உடல்நலச் சான்று, பொலிஸ் சோதனை, இன்சூரன்ஸ், நன்னடத்தைச் சான்று எல்லாம் கேட்கிறார்கள். நன்னடத்தைச் சான்றைச் சொந்தக்காரர் கொடுக்கக் கூடாதாம். அந்த விதியை வைத்தவர் என்னை எங்கேயோ கண்டிருக்கிறார். பிறகு கட்டணம், அதுவும் ஒருமுறை இல்லை, டிவி லைசன்ஸ் போல வருடாவருடம். முதல் கட்டணத்தை என் கார்ட்டில்தான் கட்டினோம், கட்டியதும் திரையில் பச்சை நிறத்தில் சரி என்று வந்தது. காசு போய்விட்டது, ஆகவே லைசன்ஸ் வந்துவிட்டது என்று நான் நினைத்துவிட்டேன். கார் நிறுத்துகிற பெர்மிட் அப்படித்தானே வருகிறது! பதிவேட்டில் பெயர் ஏறும்வரை அந்தத் தொழிற்பெயரைச் சூடிக்கொள்வதே இங்கே சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

அறிவித்தல் வந்த அன்று பின்னேரமே அவளுடைய போன் அடிக்கத் தொடங்கியது. எல்லாரும் முறைப்படி, "பாலேந்திரா அண்ணை நல்ல மனிசன், என்ன செய்யிறது பிள்ளை" என்று அனுதாபம் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு எடுத்து, "எனக்கு நாரியிலை ஒரு பிடிப்பு" என்று தொடங்கினார்கள். அவள் இப்போது பார்க்க ஏலாது என்று மறுத்துக்கொண்டே இருந்தாள். மறுக்கப்பட்டவர்கள் எனக்கு எடுத்தார்கள். நான், அவளிடம் ஒரு சொல் கேட்காமல், "சனிக்கிழமை வீட்டை வாங்கோ, பிள்ளை நிப்பா" என்றேன். வந்தார்கள் அக்கா. துக்கம் விசாரிக்கிற மாதிரி வெள்ளை உடுத்து, சீனியும் தேயிலையும் கொண்டு, ஆளுக்கொரு பக்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஹோலில் அத்தானின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தோம். ஜெர்மனியிலிருந்து இங்கே வந்து குடியேறிய செபமாலைமுத்து ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அந்தப் படத்துக்கு முன்னால் கார்ப்பெட்டில் குப்புறப் படுத்துவிட்டார். துக்கம் தாங்காமல் விழுந்துவிட்டார் என்று ரஜனி தண்ணீரோடு ஓடினாள். சத்தம் கேட்டு மகள் மேலேயிருந்து இறங்கி வந்தாள்.

"அங்கிள், எழும்புங்கோ. எனக்கு இன்னும் பதிவு வரேல்லை. நான் உங்களைத் தொடமாட்டன்."

"அப்ப அறிவித்தலிலை போட்டிருக்கே பிள்ளை?" என்று அவர் படுத்தபடியே போனை நீட்டினார்.

அதுவரை அறிவித்தலைப் பார்த்திராதவள் வாங்கி வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எல்லாரும் மெதுவாகச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவரும் "போட்டு வாறம்" என்று சொல்லவில்லை. செத்தவீட்டு வழக்கப்படி சொல்லவில்லையா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

செபமாலைமுத்து ஜெர்மனியில் பழகிய ஆள், பதிவு பார்க்காமல் தலைமயிர்கூட வெட்டமாட்டார். வீட்டுக்குப் போய் இணையத்தில் பதிவேட்டைத் தேடியிருக்கிறார். பெயர் இல்லை. பிள்ளைக்கு ஏதோ தாமதம், உதவி செய்வோம் என்று நல்ல மனதோடு கவுன்சிலுக்கே மின்னஞ்சல் போட்டு, அறிவித்தலையும் இணைத்துவிட்டார். பதிவு கிடைக்குமுன் இந்தப் பெயரை ஏன் பாவித்தீர்கள் என்று விளக்கம் கேட்டு மகளுக்குக் கடிதம் வந்துவிட்டது. குரொய்டனில் அவளுக்கு வேலை தருவதாகச் சொன்ன கிளினிக்கும், இது முடிந்தபிறகு பார்ப்போம் என்கிறது. "அப்பா, நானே என்னை ஒருக்காலும் அப்பிடிச் சொன்னதில்லை" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அந்த வரியை எடுக்கச் சொல்லி இணையத்தளத்தாரோடு மன்றாடினேன். அறிவித்தல் உங்கள் பெயரில் கொடுத்தது, நீங்கள் சொன்னால்தான் மாற்றுவார்களாம். அக்கா, அவர்களுக்கு ஒருமுறை போன் எடுத்துச் சொல்லுங்கள். மகளின் பிழைப்பு அதில்தான் இருக்கிறது. தம்பி செய்த வேலைக்குத் தமக்கையை அலைக்கழிக்கிறேன், மன்னியுங்கள்.

நயினை அம்மாள் உங்களைக் கைவிடமாட்டாள். சிவதர்ஷனுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
முகம் காட்ட வெட்கப்படும் தம்பி,
நித்தியானந்தன்

பி.கு: பிழையைத் திருத்தப் பாடுபடுகிறேன் என்று காட்டுவதற்காக இதை மகளிடம் கொடுத்தேன். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, விரல் வைத்து மெதுவாக வாசித்தாள். வாசித்துவிட்டு, "அப்பா, மாமா செத்து இன்னும் முப்பத்தோராம் நாள் கிரியை முடியேல்லை. மாமி எப்பிடி இருக்கிறா எண்டு ஒரு இடத்திலையும் நீங்கள் கேக்கேல்லை" என்றாள். திருப்பி வாசித்தேன். கேட்கவில்லைதான். நடந்ததை அவள் ஏற்கெனவே கவுன்சிலுக்கு உள்ளபடி எழுதிவிட்டாளாம். வருவதைத் தான் பார்த்துக்கொள்வாளாம், இதற்காக மாமியைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். கிழித்துப்போட்டு வேறு எழுதப் போனேன். "வேண்டாம், உள்ளபடி போகட்டும்" என்று தடுத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதிய எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். யாருக்கும் போன் எடுக்க வேண்டாம். அக்கா, சாப்பிடுகிறீர்களா? இரவில் துணைக்கு யார் படுக்கிறார்கள்? அத்தான் இல்லாத வீட்டில் எப்படி இருக்கிறீர்கள்?