அரப்பு கொட்டிய முக்காடு

"ஷாம்பு பாட்டில் செத்தா எங்கே போகும்ப்பா?" என்று எட்டு வயது அருள்ஜோதி ஒருநாள் கேட்டாள்.

அப்பா சிலுவைராஜ் ஞாயிறு பூசை முழுக்க அதையே யோசித்தார். சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் இருந்த தங்கள் அடுக்குமாடி வீட்டில் இனி பிளாஸ்டிக் பாட்டில் ஷாம்பு கிடையாது, பிளாஸ்டிக் சீப்பும் கிடையாது என்று அறிவித்தார். சிராங்கூன் சாலையிலிருந்து மரச் சீப்பு வந்தது. தலைக்குத் தேய்க்கும் பச்சை அரப்புத்தூளும் சீயக்காயும் செய்தித்தாள் பொட்டலங்களாக வந்தன.

"அக்கம்பக்கத்துலேர்ந்து ஒரே ஒரு புகார் வரட்டும், மறுநாளே ஷாம்பு திரும்பி வந்துடும்லா!" என்றாள் மனைவி பிரிஜட்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் ஜோதிக்குப் புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அவளுக்குத் தலைக்கு ஊற்ற எடுத்தால், அரப்பு ஈரம் கோத்துக் கட்டியாகக் கிடந்தது. சிலுவைராஜ் அதை உதிர்த்துத் தட்டில் பரப்பி, சமையலறை ஜன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் மூங்கில் கம்புகளின் மேல் வைத்தார்.

காற்று வந்தது. தட்டு கவிழ்ந்தது.

எட்டிப் பார்த்தார். கீழ்வீட்டு ஆமினா பீவியின் கம்பில் ஒரு நீண்ட வெள்ளை முக்காடு. இப்போது அது பச்சை.

"கர்த்தரே! தொழுகை முக்காடு!"

படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடினார்.

"அம்மா, மன்னிச்சிடுங்க. அந்த வெள்ளை முக்காட்டை எடுத்துட்டுப் போறேன்…"

"அதுக்கென்ன தம்பி, எடுத்துக்குங்க. நானே மேல வரலாம்னுதான்…"

புகாரோடு வரப் பார்த்தாரா! மீதியைக் கேட்க நிற்காமல் முக்காட்டை உருவிக்கொண்டு மேலே ஓடினார்.

குளியலறையில் கதவைத் தாழிட்டு முக்காட்டை உதறினார். தூள் நூலுக்குள் இறங்கியது. நனைத்தார். பச்சை பரவியது. சீயக்காயைக் கரைத்து ஊற்றினார். பச்சையோடு பழுப்பும் சேர்ந்துகொண்டது.

பிரிஜட் கதவைத் தட்டினாள். "உள்ளே என்னங்க பண்றீங்க?"

"தலைக்குக் குளிக்கிறேன்!"

"ஒரு மணி நேரமாவா? இருக்கிறது நாலு முடி! நாளைக்கு வேண்டிய சாமான் ஒண்ணைக் காணோம், வெளியே வந்து தேடுங்க!"

"இதோ!"

கடைசியில் எலுமிச்சையும் சவுக்காரக் கட்டியும் எடுத்தார். கட்டி காகிதத்தில் சுற்றியது, கொள்கை மீறவில்லை. முழங்காலில் நின்று தேய்த்தார். நின்றது துவைக்கவா, ஜெபிக்கவா என்று அவருக்கே தெரியவில்லை. மூன்றாம் அலசலில் முக்காடு பால்போல் வெளுத்தது!

பிரிஜட் கண்ணில் படாமல் இஸ்திரி போட்டு, தட்டில் வைத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் சேர்த்துக்கொண்டு, வெற்றி வீரராகக் கீழே போனார்.

"பாருங்கம்மா, புதுசு மாதிரி இருக்கு! இனி என் மேல புகார் ஒண்ணும் இல்லையே?"

ஆமினா பீவி பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சிரித்தார்.

"புகாரா? காலையில உங்க கம்புலேர்ந்து விழுந்துச்சுன்னு நான்தானே இதை அலசிக் காயப்போட்டேன். உங்க ஜோதி நாளைக்குக் கோயிலுக்குப் போட்டுட்டுப் போற முக்காட்டை எதுக்குத் தம்பி எங்கிட்ட குடுக்குறீங்க?"