வெள்ளத்துக்கு வழிமொழிய ஆளில்லை

பயம் வந்தால் சிலருக்குக் கால் ஓடும், சிலருக்கு வாய் அலறும். எனக்குக் கூட்ட விதிமுறைகள் ஞாபகத்துக்கு வரும். இப்படியும் ஒரு வியாதி உண்டா என்று கேட்பவர்கள் என் மனைவியிடம் விசாரித்துக்கொள்ளலாம். (சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சீக்கிரம் விடமாட்டாள்.)

யுத்தத்துக்கு முந்திய காலம். தென்காசியில் எனக்கு மாமா முறையான வக்கீல் சிவசைலம் பிள்ளை, சீமையில் சட்டம் படித்துவிட்டு வந்தவர். அந்த நாட்டை ஆள்வது ராஜாவும் அல்ல, பார்லிமெண்டும் அல்ல, சங்கங்கள்தான் என்பது அவர் அங்கே கண்டுவந்த உண்மை.

“அங்கன நாய் வளக்கவனுக்கு ஒரு சங்கம், அந்த நாய்க்குப் பயப்படுதவனுக்கு ஒரு சங்கம். ரெண்டும் மந்திரிக்கு மனுப் போடுது. மந்திரி ரெண்டுக்கும் பதில் சொல்லுதாரு! இங்கன நாம தனித்தனியாக் கத்துதோம், எவன் கேக்கான்?”

ஆகவே எங்கள் ஊரிலும் ஒரு சங்கம் பிறந்தது. மாமா தலைவர். தெருவிளக்கோ சாக்கடையோ, எதுவானாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், திருத்தம் உண்டா என்று கேட்க வேண்டும், அப்புறம்தான் கை தூக்கலாம். காபி வரவழைக்கக்கூடத் தீர்மானம். (காபி ஆறிப்போனால் கண்டனத் தீர்மானம் தனி.) நான் காரியதரிசி. பொதுச்சேவையில் அவ்வளவு ஆர்வமா என்றால், மாமாவின் மகள் கோமதியில் ஆர்வம். மாமாவுக்கும் அது தெரியும்.

“ஆண்டுக் கூட்டத்தப் பிசகில்லாம நடத்திக் காட்டுலே, அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசுவோம்” என்று சொல்லியிருந்தார்.

சாரல் காலம். குற்றாலத்து அருவிக்குக் கீழே, ஆற்றோரப் பாறையில் ஜமுக்காளம் விரித்து, தலைவருக்கு ஒரு மேசையும் போட்டுக் கூட்டம். மேட்டில் மரத்தடியில் கோமதியும் அவள் அம்மாவும், எலுமிச்சம்பழச் சாதத்தோடு. விருந்தாளி, சீசனுக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை. தன் ஊரில் நடைபாதை காக்கும் சங்கத்தில் இருந்தவராம். பெரிய பண்ணைக்காரர் ஒருவர் ஊர்ப் பாதையில் வேலி போட்டதையும், சங்கத்தார் கும்பலாக நடந்தே அதைத் திறக்கவைத்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கத்தினர்கள் அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். துரையின் மூக்குக்கண்ணாடி முழுக்கச் சாரல். மொழிபெயர்க்கும் மாமாவின் கண் துரையின் வாயில். ஆகவே அருவி திடீரென்று செம்மண் நிறமாகி, ஒரு பெரிய மரக்கிளையைக் கீழே தள்ளியதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

மலையில் வெள்ளம்! மனிதனாகப் பிறந்தவன் “ஓடுங்கள்” என்று கத்தியிருப்பான். நான் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

“தலைவர் அவர்களே! ஓர் ஒழுங்குப் பிரச்சினை.”

“தொர பேசுதாருல்லா, உக்காருலே” என்றார் மாமா.

“அவசரத் தீர்மானம், தலைவர் அவர்களே! தண்ணீர் நம்மை நோக்கி வருவதை இக்கூட்டம் மிகுந்த கவலையுடன் கவனிக்கிறது...”

மாமாவுக்குப் பழக்கதோஷம். “வழிமொழியுதது யாரு?” என்றார்.

சுரண்டைக் கடைக்காரர் முத்தையா அண்ணாச்சி கண்ணை மூடியபடியே கை தூக்கினார். “திருத்தம் இருக்கு. ‘மிகுந்த’ வேண்டாம். வெறும் கவலை போதும்.”

என் கால்கள் இரண்டும் தனிச் சங்கமாகப் பிரிந்து மேட்டுப் பக்கம் நகரத் தொடங்கிவிட்டன. வாயோ, “திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்” என்றது!

மேட்டிலிருந்து கோமதி அலறினாள். “ஏ அப்பா! வெள்ளம் வருது, எந்திரிங்க! அத்தான், தீர்மானமும் மண்ணாங்கட்டியும்! ஓடுங்க!”

ஓடினேன். துரையைத் தாண்டி, மாமாவைத் தாண்டி, சாதப் பானையையும் தாண்டி நான் நின்ற இடத்தில் ஒரு குரங்கு மட்டும் இருந்தது. அதுவும் என்னைவிட நிதானமாக இருந்தது. ஜமுக்காளமும் மேசையும் ஆற்றோடு போயின. நல்லவேளை, ஆட்கள் எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள்.

தொப்பலாக நனைந்த மாமா என் முன்னால் வந்து நின்றார்.

“உயிர் போற நேரத்துல தீர்மானம் வாசிக்கவனுக்கு எப்படிலே பொண்ணு குடுக்க? வீட்டுல தீப்பிடிச்சாலும் கூட்டம்லா போடுவ!”

என் கல்யாணமும் ஜமுக்காளத்தின் பின்னாலேயே மிதந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது.

கோமதி மேலே தூக்கி வந்த சாதப் பானையை இறக்கிவைத்தாள். “அத்தானாவது தண்ணி வருதுன்னு சொன்னாவ. வழிமொழிய ஆள் கேட்டது நீங்கதானப்பா?”

மாமா மீசையைப் பிழிந்தார். துரை விஷயம் என்னவென்று கேட்க, வேறு வழியில்லாமல் அதையும் அவரே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தங்கள் ஊர்ச் சங்கமாக இருந்தால் முதலில் ஓர் உபகமிட்டி போட்டிருப்பார்களாம். எல்லாரும் மூழ்கிய பிறகு அறிக்கை வந்திருக்குமாம். மாமாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

ஆவணியில் கல்யாணம். கெட்டிமேளம் கொட்டத் தயார். தாலியைக் கையில் எடுத்தேன். குனிந்த தலை நிமிராமல் கோமதி எனக்கு மட்டும் கேட்கும்படி, “திருத்தம் ஏதும் உண்டா, அத்தான்?” என்றாள்.

வெலவெலத்துப்போய், பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: “இல்லை, தலைவர் அவர்களே!”

மாமாவின் பதவி அந்த நிமிஷமே கைமாறிவிட்டது. இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் பசித்தால் ‘அம்மா’ என்று கூப்பிடுவதில்லை. “தலைவர் அவர்களே” என்கிறார்கள். சோறு உடனே வந்துவிடுகிறது.