மூன்று ரிங் வந்தால் கிளம்பு

பாசமும் கண்டிப்பும் சரிபாதியாகக் கலந்த அக்கா அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு உங்கள் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் வீட்டுச் சாமான்களும் ஏறக்குறைய நலம். அங்கே என் வீட்டில் நீங்கள் நலமா, பஸ்ஸில் வந்த களைப்பு தீர்ந்ததா, மாடிவீட்டுப் பெண் சாவியைக் கொடுத்தாளா, சமையலறைக் குழாயை வழக்கத்துக்கு மாறாகத் திருகினால்தான் தண்ணீர் வரும் என்பதைச் சொன்னாளா என்றெல்லாம் அறிய ஆவல். உங்கள் தம்பி மனைவி மகளின் பிரசவத்துக்குப் போயிருப்பதால் அங்கே உங்களைக் கவனிக்க ஆளில்லை. தவறாக நினைக்க வேண்டாம். உங்களைக் கவனிக்கத்தான் நான் இங்கே வந்தேன்.

நேற்று மாலை அங்கே இரண்டு ரிங் கொடுத்தேன். இரண்டு ரிங் என்றால் 'விவரம் கடிதத்தில்' என்று அர்த்தம். ஆகவே இந்தக் கடிதம். இதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஏற்பாடு செய்ததே நீங்கள்தான். நம் இரண்டு வீட்டுக்கும் போன் வந்த புதிதில், எடுத்துப் பேசினால்தான் காசு, அடித்துவிட்டு வைத்தால் காசில்லை என்று கண்டுபிடித்து, ஒரு ரிங் என்றால் 'நான் நலம்', இரண்டு என்றால் 'கடிதம் வருகிறது', மூன்று என்றால் 'உடனே கிளம்பு' என்று சட்டம் போட்டீர்கள். அன்றிலிருந்து உலகத்தில் எல்லாரும் போன் அடித்தால் எடுக்கிறார்கள், நாம் மட்டும் எண்ணுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் ஒரு ரிங், பதிலுக்கு நான் ஒரு ரிங். இத்தனை வருடத்தில் ஒரு ஞாயிறும் தவறியதில்லை, ஒரு வார்த்தையும் பேசியதில்லை. "இப்பல்லாம் பேசறதுக்குத் தனியாக் காசே கிடையாதுப்பா, அத்தைகிட்ட மணிக்கணக்கா பேசலாம்" என்று என் மகன் ஒருமுறை சொன்னான். "என்னத்தடா பேசறது? நல்லா இருக்காங்கன்னு தெரிஞ்சாப் போதாதா?" என்று கேட்டேன். 

இப்படியிருக்க, நேற்று ஞாயிறு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஒன்று. சரி, அக்கா நலம் என்று வாயைக் கொப்பளிக்கப் போனால் இன்னொன்று. கடிதமா, சரி, வரட்டும் என்று நினைப்பதற்குள் இன்னொன்று. அதோடு நின்றுவிட்டது. அக்கா, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று ரிங்கை நீங்கள் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கொடுத்திருக்கிறீர்கள், அது மாமா போன அன்றைக்கு. தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்தே காலம் தள்ளியவன் நான். எண்ணைப் பார்த்தால் நம்பிவிடுகிற சுபாவம். விழுந்துவிட்டீர்களோ, நெஞ்சுவலியோ, ஒற்றை ஆளாகக் கிடந்து போன் வரைக்கும் ஊர்ந்து வந்து அடித்தீர்களோ என்று என்னென்னவோ ஓடியது. பதில் ரிங் கொடுக்கவும் தோன்றவில்லை. செல்போனைச் சார்ஜில் போட்டது போட்டபடியே கிடக்க, மாடிவீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்து "அக்கா வீட்டுக்குப் போறேன், ஏதோ அவசரம்" என்று சொல்லிவிட்டு, ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் என் மனைவியின் செருப்புமாகப் பஸ் ஏறினேன். இதைப் பஸ்ஸில் பக்கத்து ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வந்து பார்த்தால் உங்கள் வீட்டுக் கதவில் பூட்டு தொங்குகிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே முடிவு கட்டி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்க்கடைத் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்தார். "தம்பியா? ஐயோ, உங்களைப் பாக்கத்தானே உங்க அக்கா கிளம்பிப் போனாங்க! காலைல ரிங் குடுத்தாங்களாம், பதில் ரிங் வரலியாம். என் தம்பிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அழுதுகிட்டே பஸ் ஏறினாங்க" என்றார். நீங்கள் அழுதீர்கள் என்று அவர் சொன்னதை நான் அவ்வளவாக நம்பவில்லை, ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. வழியில் எங்கோ உங்கள் பஸ்ஸும் என் பஸ்ஸும் எதிரெதிரே போயிருக்கின்றன. நடுவில் ஒரு பாலத்தில், எந்தப் பஸ் முதலில் போவது என்று இரண்டு டிரைவர்களும் இறங்கி நின்று சண்டை போட்டார்கள். என் டிரைவர் பக்கம்தான் நியாயம் என்று நான் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தேன். எதிர்ப் பஸ்ஸிலிருந்து ஒரு பெண்குரல் அவரை நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கியது. அது நீங்களாக இருக்கலாம்.

தையல்காரரிடம் நீங்கள் கொடுத்திருந்த சாவியால் கதவைத் திறந்து, உடனே என் வீட்டுக்குப் போன் செய்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடலாம் என்று ஓடினேன். உங்கள் போனில்தான் டயலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறீர்களே. அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் ஒருவர் மட்டும் இருக்கிற வீட்டில் போன் டயலை யாருக்குப் பயந்து பூட்டுகிறீர்கள்? அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு அந்தக் குட்டிப் பூட்டு இருந்தது, பக்கத்து வீட்டார் வந்து "ஒரே ஒரு போன்" என்பார்கள், நியாயம். இப்போது பக்கத்து வீட்டுப் பூனைகூடச் செல்போன் வைத்திருக்கிறது. சாவியை ஊறுகாய் ஜாடிக்குள்ளும், மெத்தைக்கு அடியிலும், தையல் மெஷின் இழுப்பறையிலும் தேடினேன். மூன்று வேறு சாவிகள் கிடைத்தன, அவற்றுக்கான பூட்டுகள் எங்கே என்று இன்னும் தெரியவில்லை. பிறகு பழைய வித்தை ஞாபகம் வந்தது: டயல் பூட்டியிருந்தால் என்ன, ரிசீவரை வைக்கிற கட்டையை எண்ணுக்கேற்றபடி தட்டினால் போதுமே. தட்டினேன். என் நம்பரில் ஒன்பது நிறைய. எங்கோ ஒரு தட்டு கூடியோ குறைந்தோ போய் ஒரு மரக்கடைக்குப் போனது. மறுபடி தட்டினேன், மறுபடியும் மரக்கடை. அடுத்த தடவை கடைக்காரர் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "என்ன சார், அக்கா கிடைச்சாங்களா?" என்று கேட்டார். தங்கமான மனுஷன். கதவு நிலை எதுவும் செய்வதாக இருந்தால் அவரிடமே செய்யுங்கள்.

அதன்பிறகு தையல்காரரின் செல்போனில் அடித்தேன். என் மனைவி நம்பரோ மகன் நம்பரோ எனக்குத் தெரியாது, போன்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்த நாளிலிருந்து நான் விட்டுவிட்டேன். தெரிந்தது உங்கள் வீட்டு நம்பரும் என் வீட்டு நம்பரும்தான். என் வீட்டுக்கு அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. எப்படி எடுப்பீர்கள்? பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியாதா? "எடுங்கக்கா, எடுங்கக்கா" என்று இங்கே நான் கத்த, கடையில் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் பயந்து வெளியே போய்விட்டார். கடைசியில் வேறு வழியில்லாமல் ரிங்கை எண்ணி, இரண்டோடு வைத்தேன்.

அப்போதுதான் தெருக்கம்பத்தில் வேலையாக இருந்த போன் ஆபீஸ்காரரைத் தையல்காரர் கையோடு கூட்டி வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை சிரிக்காமல் கேட்டது அவருடைய பெருந்தன்மை. "சார், போன வாரந்தான் பழைய எக்ஸ்சேஞ்சை எடுத்துட்டுப் புது மெஷின் வெச்சிருக்காங்க. அதுல நீங்க காதுல கேக்கற ரிங் வேற, அங்க அடிக்கற ரிங் வேற. நீங்க ஒண்ணு கேட்டா அங்க ரெண்டும் அடிச்சிருக்கும், மூணும் அடிச்சிருக்கும்" என்றார். அதாவது, அக்கா, நீங்கள் 'நான் நலம்' என்று ஒன்றுதான் கொடுத்திருக்கிறீர்கள், அது எனக்கு 'உடனே கிளம்பு' என்று வந்து சேர்ந்திருக்கிறது. "அப்ப எங்க அக்கா நல்லாத்தான் இருக்காங்களா?" என்று கேட்டேன். "அதை எனக்கு எப்படி சார் தெரியும்? போன் பண்ணிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் கொடுத்த இரண்டு ரிங் அங்கே எத்தனையாகப் போய்ச் சேர்ந்ததோ, யார் கண்டது?

இதற்கிடையில் உங்கள் வீட்டில் நான் படும் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். டீ போடலாம் என்று உங்கள் பம்ப் ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். அடைப்பு எடுக்கிற ஸ்டவ் பின்னைக் காணோம். நீங்கள் அதையும் பூட்டி வைத்திருப்பீர்கள். தையல்காரரிடம் ஊசி வாங்கிக் குத்தினேன், ஊசி உள்ளே போய்விட்டது, ஜ்வாலை வெளியே வந்துவிட்டது. இடப்பக்கப் புருவம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, மற்றபடி முகம் அதே முகம்தான். பால் வைக்கிற வலை அலமாரியின் நான்கு கால்களுக்கும் அடியில் எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதில் ஒன்றை இருட்டில் உதைத்துவிட்டேன். எறும்புகள் இதற்காகவே பல வருடம் காத்திருந்தவை போல வரிசை பிசகாமல் வந்து சேர்ந்தன. சர்க்கரையை இனிமேல் அவற்றின் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சரி, டி.வி.யாவது பார்ப்போம் என்றால் அதற்கும் மரக்கதவு, கதவுக்குப் பூட்டு. முன்னே உட்கார்ந்து கதவையே கொஞ்ச நேரம் பார்த்தேன், மோசமில்லை. உங்களுக்கு இருக்கிற பூட்டுகளுக்குக் காவல் வைக்க வேண்டுமென்றால் ஒரு ஜெயிலர்தான் சரிப்படுவார். ஆனால் இங்கே உட்கார்ந்து பார்க்கையில் ஒன்று தெரிகிறது, அக்கா. இவ்வளவையும் பூட்டிவிட்டு இந்த ஒற்றைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிற ஒரு ரிங்குக்காகத்தான் நீங்கள் இருந்திருக்கிறீர்கள். அதை நினைத்து வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஸ்டவ் புகையாகவும் இருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் கிளம்பி வந்தால் நீங்களும் அதே நேரத்தில் கிளம்பி வருவீர்கள், மறுபடியும் அந்தப் பாலத்தில் கத்திக்கொண்டு தாண்டிப் போவோம். இப்படியே போனால் பஸ் கம்பெனிக்காரன் மட்டும்தான் நன்றாக இருப்பான். ஆகையால் நீங்கள் அங்கேயே இருங்கள், அசையவே கூடாது. கடிதம் நாளை மறுநாள் கிடைத்துவிடும், அன்று மாலை நான் தையல்காரர் போனிலிருந்து அடிப்பேன். அடித்ததும் எண்ணாதீர்கள், எடுங்கள். ரிசீவரைக் கையில் எடுத்து, காதில் வைத்து, "ம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீங்கள் உயிரோடும் திடமாகவும் இருப்பது எனக்குத் தெரிந்துவிடும். அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன். எண்ணுவதை நாம் நிறுத்திவிடுவோம், அக்கா. அந்தப் பழைய எக்ஸ்சேஞ்ச் போன பிறகு நம் எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை. நான் ரிங் கொடுத்தால் எடுப்பது என்று இனிமேல் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், நானும் வைத்துக்கொள்கிறேன்.

மாடிவீட்டுப் பெண்ணுக்கு என் விசாரிப்புகள். என் வீட்டுச் சாமான்கள் எதற்கும் பூட்டுப் போட்டுவிட வேண்டாம். மூத்தவளான உங்கள் காலில் தூரத்திலிருந்தே விழுந்து எழுகிறேன், ஆசீர்வாதத்தை அங்கேயிருந்தே செய்துவிடவும்.

இப்படிக்கு,
புருவம் குறைந்த,
உங்கள் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டிய பிறகு இதை உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தபால்காரர் படித்தால் படிக்கட்டும். சற்று முன் உங்கள் போன் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்குக்கு நம்மிடம் அர்த்தம் கிடையாது. ஐந்தில் எடுத்துவிட்டேன். "டேய், உயிரோட இருக்கியா?" என்றீர்கள். "இருக்கேன்க்கா, நீங்க?" என்றேன். "எனக்கென்ன கேடு. அப்படி நிறுத்தாம அடிச்சியே, என்னடா அர்த்தம்? யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. அது சரி, நீ எதுக்கு இப்பப் போனை எடுத்தே? உன் வீட்டு பில்லுதான் ஏறும், அறிவிருக்கா? நான் பஸ் ஏறுறேன், நீ அசையாம அங்கயே கிட. வை போனை!" என்று சொல்லி நீங்களே வைத்துவிட்டீர்கள். டயல் சாவி எங்கே என்று கேட்க முடியவில்லை. போனில் உங்கள் குரலைக் கேட்பது இதுதான் முதல் தடவை. நேரில் கேட்பதைவிடச் சத்தம் அதிகம், வைத்த பிறகும் கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். பொருட்படுத்த அங்கே நீங்கள் இருக்கவும் மாட்டீர்கள். தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்கினால் நீங்கள் திட்டுவீர்கள் என்பதால் பெட்டியில் போட்டுவிடுகிறேன். ஊர் திரும்பியதும் நானே பிரித்துப் படித்துக்கொள்கிறேன்.