இரவல் மாடி

சமவெளியில் வீடு கட்டுகிறவர்கள் படியேறி மேலே போவார்கள். மலையில் கட்டுகிறவர்கள் படியிறங்கிக் கீழே போக வேண்டும். எங்கள் வீடு அப்படித்தான். ரோட்டில் நின்று பார்த்தால் பெட்டிக்கடை. உள்ளே வந்து படி இறங்கினால் படுக்கை அறைகள். கீழே முட்டைக்கோசுத் தோட்டத்தில் நின்று பார்த்தால் பங்களா. சொந்தக்காரர்களைத் தோட்டத்து வழியாகக் கூட்டி வர வேண்டும், அதிகாரிகளை ரோட்டு வழியாகக் கூட்டி வர வேண்டும். (இது என் மைத்துனன் துரைசாமி கண்டுபிடித்தது.)

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. லாரி ஓட்டுகிறவனுக்கு ஹாரன் போதும். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் கேட்டதற்கு மேல் பதில் சொன்னேன். அன்றைக்கு வீடே கையை விட்டுப் போகப் பார்த்தது.

அப்போது எஸ்டேட் லாரியை விட்டுவிட்டுக் காய்கறி லாரிக்கு மாறியிருந்தேன். எஸ்டேட் வேலையை விட்டால் அவர்கள் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற லயன் வீட்டையும் விட வேண்டும். சாவியைக் கொடுத்தாகிவிட்டது. சாமான் எல்லாம் கட்டி, புது வீட்டு ஹாலில் மூட்டையாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவதாக ஏற்பாடு.

இத்தலார் பக்கம் சரிவான நிலம். ரோட்டு மட்டத்தில் ஒரு தளம், அதற்குக் கீழே ஒரு தளம். இரண்டுக்கும் முறையாக அனுமதி வாங்கியிருந்தேன். அதற்கும் கீழே தூண்கள். தூண்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. பிளானில் அந்த இடத்தைச் சும்மா விட்டிருந்தார்கள். துரைசாமிக்குச் சும்மா இருப்பதைப் பார்த்தால் பிடிக்காது. (அவன் சும்மா இருப்பது வேறு விஷயம்.)

"ஏன் மச்சான் அத்தன எடத்தக் காலியா உடறீங்க? சுத்தியும் செவுரு வெச்சா எனக்கொரு ரூம்பாச்சு."

"அனுமதி வாங்கோணுமே மாப்ள."

"காத்து இருந்த எடத்துல செவுரு வெக்கறோம். காத்துக்கு யாரு அனுமதி கேப்பாங்க?"

மறுத்துப் பேச வேண்டுமானால் நிறையப் பேச வேண்டும். அதனால் சரி என்றேன். அறை வந்தது. சுவருக்கு நீல வண்ணம் அடித்தான். தரைக்குச் சிவப்பு பாலிஷ் போட்டான். சாமான் வைக்கச் சுவர் மேலே அட்டாலி கட்டினான். ஃபேனுக்குக் கொக்கிகூட மாட்டினான். எங்கள் ஊரில் யாரும் ஃபேன் போடுவதில்லை, போட்டால் குளிரில் விறைத்துப் போவோம். ஆனாலும் கொக்கி இருந்தால் ஒரு மதிப்பாம்.

அந்த வருஷம் மழையில் அங்கங்கே மண் சரிந்தது. சரிவில் கட்டிய வீடுகளை எல்லாம் அதிகாரிகள் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பிளானில் இல்லாதது இருந்தால் சீல். எங்களுக்கு மேல் வளைவில் ஒரு வீட்டைச் சீல் வைத்தார்கள். அவர்கள் வீட்டுக் கோழி உள்ளேயே மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை எங்கள் முறை என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி சரசு மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, லயன் ஊட்டுச் சாவியுங் குடுத்தாச்சு. இதையும் பூட்டிட்டாங்கன்னா லாரிலயா குடும்பம் நடத்தறது?"

அந்தக் கவலை எனக்கும் இருந்தது. 

"செவுத்த இடிச்சரலாம்" என்றேன்.

"இடிக்கறதா? நேத்துத்தான் கதவு நிலை வெச்சிருக்குது" என்று துரைசாமி பதறினான். "மச்சான், நான் சொல்றதக் கேளுங்க. மனுசன் இருந்தாத்தான் அது மாடி. மாடு இருந்தா கட்டுத்தறி. கட்டுத்தறிய எவனும் கணக்குல எடுக்க மாட்டான்."

இதை அவனுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்ல வேண்டியதில்லையாம், யோசித்தால் தெரியுமாம்.

எங்களிடம் மாடு கிடையாது. கீழ்த் தோட்டத்துப் போஜ கவுடரிடம் இருந்தது. அதன் பெயர் ராணி. கவுடர் நல்ல மனிதர். ஏன் எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். "சாயங்காலம் கறக்க வேணும், அதுக்குள்ள வந்து ஓட்டிக்கிறேன்" என்றார். துரைசாமி ராணியை நீல அறைக்குள் ஏற்றி, கயிற்றைக் கதவு நிலையில் கட்டினான். ராணி பாலிஷ் தரையில் கால் வைக்க யோசித்தது. பிறகு சாணி போட்டது. "இப்பப் பாருங்க, அசல் கட்டுத்தறி" என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"மச்சான், உங்களுக்குப் பொய் வராது. நீங்க கம்முனு இருங்க, நான் பேசிக்கறேன்" என்றான். எனக்கு அதைவிடச் சுலபமான வேலையை யாரும் கொடுத்ததில்லை.

ஆனால் ஒரு சங்கடம். அன்று விடியற்காலையில்தான் மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டு மலையேறி வந்திருந்தேன். எனக்குச் சளி. சளியோடு மலையேறினால் காது அடைத்துக்கொள்ளும். கொட்டாவி விட்டாலும், எச்சில் விழுங்கினாலும் திறக்காது. அது நினைத்தபோதுதான் திறக்கும். அதுவரை எதிரில் பேசுகிறவர்கள் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். பாதி காதில் விழும், மீதியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

வந்தது ஒரு பெண் இன்ஜினீயர். ஸ்வெட்டர், குடை, கையில் சுருட்டிய பிளான். ஹாலில் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சுற்றிப் பார்த்தார். துரைசாமி ஏதோ சொன்னான். அவர் அவனைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே ஓனர்? நீங்களே சொல்லுங்க. மொத்தம் எத்தனை மாடி?"

என் காதில் விழுந்தது, 'எத்தனை மாடு'.

காலையிலிருந்து வீட்டில் மாட்டுப் பேச்சுத்தான். வேறு என்ன கேட்பார்கள்?

"ஒண்ணுங்க" என்றேன்.

"ஒண்ணா? பிளான்ல ரெண்டு இருக்கே."

பிளானில் மாட்டை எப்போது சேர்த்தார்கள் என்று யோசித்தேன். துரைசாமி சேர்த்திருப்பான். அவன் செய்யக்கூடியவன்தான்.

"பிளான் எப்படியோ எனக்குத் தெரியாதுங்க மேடம். இங்க இருக்கறது ஒண்ணுதானுங்க. அதுவும் எங்களுது இல்லீங்க."

"உங்களுது இல்லையா? பின்னே யாருது?"

"கீழ்த் தோட்டத்துக் கவுடருதுங்க."

சரசு என்னைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். துரைசாமி வாயில் கை வைத்தான். பொய் சொல்லாததற்குத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்தேன். மனதில் இருந்த பாரத்தை இறக்கி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

"இரவல் வாங்கினதுங்க மேடம். சாயந்திரம் கவுடர் வந்து திருப்பி எடுத்துக்குவாரு."

மேடம் பேனாவை மூடினார்.

"ஒரு மாடியை... எடுத்துட்டுப் போவாரா?"

"ஓட்டிட்டுப் போவாருங்க."

"எப்படி?"

"நடத்தித்தானுங்க. லாரில ஏத்துனா மிரளும்."

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். நான் விளையாடுகிறேனா, குடித்திருக்கிறேனா, அவருக்குத் தெரியவில்லை.

"சரி. எதுக்கு இரவல் வாங்கினீங்க?"

"நீங்க வர்றீங்கன்னுதானுங்க."

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ராணி கத்தியது. கன்றை நினைத்துக்கொண்டதோ என்னவோ, அடிவயிற்றிலிருந்து கத்தியது. அந்தச் சத்தத்தில் என் இரண்டு காதும் 'டப்' என்று திறந்துகொண்டன. உலகமே துலக்கமாகக் கேட்டது. முதலில் கேட்டது சரசுவின் குரல்.

"அட, மாடிங்க! மாடி! மாடு இல்லீங்க!"

மேடம் தரையைக் காட்டினார். "அடியில என்ன இருக்கு?"

"பூமிங்க மேடம்" என்றான் துரைசாமி.

"பூமி கத்துதா?"

 

எல்லோரும் கீழே இறங்கினோம். மேடம் நீல அறை வாசலில் நின்று நிதானமாகப் பார்த்தார். நீலச் சுவர். சிவப்புத் தரை. தரையில் சாணி. நடுவில் ராணி. அதன் முதுகுக்கு நேர் மேலே ஃபேன் கொக்கி.

"மாட்டுக்கு ஃபேனா?"

"வேர்க்குமுங்க மேடம்" என்றான். அப்போது எங்கள் எல்லோருடைய வாயிலிருந்தும் குளிருக்குப் புகை வந்துகொண்டிருந்தது.

"அட்டாலி?"

"புல்லு வெக்கறதுக்குங்க."

"சுவத்துல சுவிட்ச் போர்டு வேற. சுவிட்சை மாடு போடுமா, நீங்க வந்து போடுவீங்களா?"

நான் ஊடே புகுந்தேன். "மேடம், இது அவனுக்குன்னு கட்டுன ரூம்புங்க. மாடு சும்மாங்க. சீல் மட்டும் வெச்சராதீங்க. வேற எடம் இல்லீங்க."  ஒரே மூச்சில் அவ்வளவு நான் பேசியதே இல்லை.

 மேடம் உயரம் பார்க்க வேண்டும் என்றார். இரும்பு டேப்பை எடுத்து ஒரு முனையைத் துரைசாமியிடம் கொடுத்தார். அவன் தோட்டத்து ஓரத்தில் தரையில் வைத்துப் பிடித்தான். நான் மேலே ஏறிப் போய்க் கூரை விளிம்பில் மறு முனையை வைத்தேன். அளவு பார்த்தாகிவிட்டது. அவர் "விடுங்க" என்றார். மேலே நானும் விட்டேன், கீழே துரைசாமியும் விட்டான்.

டேப் 'சர்ர்' என்று சுருண்டு, அறை வாசல் வழியாகப் பாம்பு மாதிரி துள்ளிப் போனது.

ராணி அதற்கு மேல் நிற்கவில்லை. ஒரே இழுப்பு. முந்தாநாள் வைத்த நிலை, சிமெண்ட் காயாத நிலை, அப்படியே பெயர்ந்து வந்தது. கயிற்றின் ஒரு முனையில் மாடு, மறு முனையில் கதவு நிலை. நிலையைப் பிடித்து நிறுத்தப் போன துரைசாமியும் அதோடு சேர்ந்துகொண்டான். மூன்றும் கவுடரின் முட்டைக்கோசு வரிசைகளை நேராகக் கடந்து போயின. கவுடர் தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினார். மாட்டுக்காகவா, கோசுக்காகவா, துரைசாமிக்காகவா என்று தெரியவில்லை. (பிறகு கேட்டேன். துரைசாமிக்காக இல்லையாம்.)

நான் இறங்கி ஓடி வந்தேன். நிலை போன பிறகு முன்சுவருக்குப் பிடிப்பு இல்லை. பொதபொதவென்று சரிந்தது. அது இழுத்ததில் பின்சுவரின் மூலையும் உடைந்தது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்தது. செம்மண் தண்ணீர். கொஞ்சம் வரும் என்று பார்த்தால், நிற்காமல் வந்தது. மேடத்தின் ஷூ முழுகிவிட்டது. அவர் அசையாமல் நின்று தண்ணீரையே பார்த்தார். நானும் பார்த்தேன்.  மேட்டுத் தோட்டங்களிலிருந்து ஊறி வருகிற தண்ணீர் எல்லாம் சுவருக்குப் பின்னால் தேங்கி நின்றிருக்கிறது. எங்களுக்குத் தெரியவே இல்லை.

"இந்த இடத்தை பிளான்ல ஏன் காலியா விட்டோம், தெரியுமா?" என்று கேட்டார்.

"இப்பத் தெரியுதுங்க."

"இதை இப்படியே அடைச்சு வெச்சிருந்தா அடுத்த மழைக்குக் கவுடர் தோட்டத்துலதான் நீங்க பால் காய்ச்சியிருக்கணும். வீட்டோட."

சரசு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"உயரம் சரியா இருக்கு. மேல ரெண்டு தளமும் சரி. இந்த ரூம்தான் கூடாது. பாதியை மாடே இடிச்சிருச்சு. மீதியை நீங்க இன்னைக்கே இடிச்சிருங்க. காலையில வருவேன். தூணைத் தவிர இங்க எதுவும் இருக்கக் கூடாது."

"சீலுங்க?"

"எதுக்கு? கவுடர் மாடியைத்தான் ஓட்டிட்டுப் போயிட்டாரே."

அப்போதுதான் அவர் சிரித்தார். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். ரோட்டுக்கு ஏறும் வரையில் நின்று நின்று சிரித்தார். நான் கைகட்டி நின்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் அவமானப்பட்டதில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் சுவர் எல்லாம் இறங்கிவிட்டது. கவுடரும் கடப்பாரையோடு வந்தார். துரைசாமி கோசு இலை ஒட்டிய தலையோடு அவனுடைய அறையை அவனே இடித்தான். ஃபேன் கொக்கியை மட்டும் விட்டுவிடலாம் என்றான். சரசு பார்த்த பார்வையில் அதையும் கழற்றினான். மேடம் சொன்னபடி வந்து பார்த்தார், தலையசைத்தார், போனார். வெள்ளிக்கிழமை பால் பொங்கியது. முதல் டம்ளர் கவுடருக்கு. ராணியின் பால்தான்.

அடுத்த மழையில் எங்கள் வரிசையில் இரண்டு இடத்தில் மண் இறங்கியது. எங்கள் வீட்டுக்கு அடியில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. புது விருந்தாளிகளுக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. எனக்கு அது நின்றால்தான் தூக்கம் போகும்.

கவுடர் இப்போதும் ரோட்டில் பார்த்தால், "என் மாடி எப்படி இருக்கு?" என்று கேட்பார். துரைசாமிக்குக் கல்யாணமாகி அவனும் வீடு கட்டிவிட்டான். பிளானில் உள்ளபடியே கட்டினான்.

போன வருஷம் என் மகளைப் பெண் பார்க்கக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஹாலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டு, மரியாதைக்கு என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க, ஊடு எத்தன மாடிங்க?"

 துரைசாமி கூரையைப் பார்த்தான். சரசு தட்டைக் கீழே வைத்துவிட்டு வேகமாக அடுப்படிக்குப் போனாள்.

"ரெண்டுங்க" என்றேன். "ரெண்டும் எங்களுதுதானுங்க."

அவர் புரியாமல் விழித்தார். "பின்னே வேற யாருதுங்க?"

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் முதலில் சிரித்தது பெண்தான்.