தெருப்பக்கத்துத் தும்மல்

சொத்து பிரிக்கும்போது மனுஷன் வில்லனாக மாறிவிடுவான் என்பார்கள். எனக்கு அந்த அளவுக்குக்கூட சாமர்த்தியம் போதவில்லை. நடிகனாகத்தான் மாறினேன், அதுவும் மட்டமான நடிகனாக.

அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்ததில், கோரிமேட்டு பஸ் ஸ்டாப்பை ஒட்டியிருந்த வீடு எனக்கும் தங்கை செல்விக்கும் பொதுவாக வந்தது. அகலம் குறைச்சல், நீளம் அதிகம். குறுக்கே பிரித்தால் தெருப்பக்கம் ஒரு பாகம், மாமரத்தோடு பின்பக்கம் ஒரு பாகம், ஓரமாக ஒரு பொது வழி.

எனக்குத் தெருப்பக்கம்தான் வேண்டும். அப்போது தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் பக்கெட் செய்யும் கம்பெனியில் இருந்தேன். என்னைவிடப் பத்து வயசு சின்னவனான சூப்பர்வைசர் என்னை "யோவ்" என்றுதான் கூப்பிடுவான். அவனிடமிருந்து தப்பிக்க ஒரு ஜெராக்ஸ் கடை போதும். பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எங்கள் வாசலில்தான் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள், எல்லாருக்கும் ஏதாவது ஒரு காகிதம் நகல் எடுத்தாக வேண்டும். ("முருகன் ஜெராக்ஸ்" என்று பெயின்டரிடம் போர்டுகூட எழுதச் சொல்லிவிட்டேன். முருகன் என்றால் சாமி இல்லை, நான்தான்.)

ஆனால் எங்கள் குடும்பத்து வழக்கப்படி பெரியவர் பிரிக்க வேண்டும், சின்னவர் முதலில் எடுக்க வேண்டும். கோடு போடுவது நான், எடுப்பது செல்வி.

உடனே தெருப்பக்கத்தைக் கரித்துக்கொட்ட ஆரம்பித்தேன். செல்வி வந்தாலே முன் ரூமில் உட்காரவைத்து, சாக்கடை நாத்தம், ஹாரன் சத்தம் என்று புலம்புவேன். நடுநடுவே தும்முவேன். தூசியாம். என் மனைவி காபியை வைக்கிற சாக்கில் குனிந்து, "கொஞ்சம் அளவாத் தும்முங்க, நம்புற மாதிரி இருக்கட்டும்" என்று காதைக் கடித்தாள்.

பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம். "யாருக்கு எந்தப் பாகம்னு சொல்லுங்க, எழுதிடலாம்" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியாக ஒரு பெரிய தும்மல் போட்டு, "அந்த முன்பக்கத்த நெனச்சாலே வருது சார்" என்றேன்.

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

"தெருப்பக்கத்த எனக்கு எழுதுங்க சார். எங்கண்ணாவுக்குத் தூசி ஆவாது. பின்னாடி மரத்தடியில காத்தாட இருக்கட்டும்."

"வேணாம் செல்வி, நீ கஷ்டப்படுவ." என் குரல் நிஜமாகவே நடுங்கியது.

"சும்மா இருண்ணா. நீ எனக்கு எவ்ளோ செஞ்சிருக்க."

பத்திரம் எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த எடத்துல அடிதடிதான் பாத்திருக்கேன். இப்படி ஒரு அண்ணன் தங்கச்சிய பாத்ததில்ல" என்று டீ வரவழைத்தார். அந்த டீயைக் குடித்துவிட்டு என்னவென்று சொல்வது? தும்மல் நின்றுபோச்சு, மாற்றி எழுதுங்கள் என்றா?

பாகப்பிரிவினைப் பத்திரம் ரிஜிஸ்டர் ஆன அன்று சாயங்காலமே பெயின்டர் சைக்கிளில் போர்டோடு வந்துவிட்டார். வாசலில் நின்ற செல்வியிடமே, "முருகன் ஜெராக்ஸ் போர்டும்மா. எங்க மாட்டணும்?" என்று கேட்டார். அவள் போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேண்ணா."

கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். "இப்பக்கூட மாத்திக்கலாம்" என்றும் சொன்னாள். சேச்சே, எனக்குப் பின்பக்கம்தான் புடிச்சிருக்கு என்றேன். (அதுவும் நடிப்புதான். வெட்கம் பிடுங்கித் தின்றது.)

போர்டை வீணாக்குவானேன் என்று செல்வியின் வீட்டுக்காரரே முன்பக்கத்தில் மாட்டினார். இன்றுவரை என் பெயரில் கடை நடத்துவது செல்விதான். நான் பக்கெட் கம்பெனியிலேயே "யோவ்" ஆகவே ரிட்டயர் ஆனேன்.

மாமரம் பூக்கிற மாதங்களில் இப்போது எனக்கு நிஜமாகவே தும்மல் வருகிறது. அடுக்கடுக்காக, மூச்சு முட்ட வருகிறது. வீட்டில் ஒருத்தரும் மாத்திரை எடுத்து வருவதில்லை. கடையிலிருந்து செல்வியின் குரல் மட்டும் வரும்:

"ண்ணா, இப்ப எதுமேல கண்ணு?"